அறிவியல் வீட்டுப்பாடம்: அந்த அரை மணி நேரத்தை எதற்குக் கொடுக்கலாம்?

ஒளிச்சேர்க்கை பாடம் முடிந்த மறுநாள் நாற்பது நோட்டுகள் என் மேசைக்கு வந்தன. நாற்பதிலும் ஒரே விடை. கார்பன் டை ஆக்சைடும் நீரும் சூரிய ஒளி, பச்சையம் இரண்டின் துணையோடு சேர்ந்து குளுக்கோஸ் உண்டாகிறது, ஆக்சிஜன் வெளியேறுகிறது. சமன்பாட்டில் ஒரு எண்கூடப் பிசகவில்லை. எல்லாவற்றிலும் 'சரி' போட்டுக் கையெழுத்திட்டுவிட்டு வகுப்புக்குப் போனேன். ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "ஒரு சின்ன விதை பெரிய மரமாகிறது. அவ்வளவு எடையும் எங்கிருந்து வந்தது?" ஏறக்குறைய எல்லாரும் மண் என்றார்கள். இரண்டு பேர் தண்ணீர் என்றார்கள். காற்று என்று ஒருவரும் சொல்லவில்லை. முந்தைய நாள் இரவு கார்பன் டை ஆக்சைடு என்று எழுதிய அதே பிள்ளைகள்தான்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. வான் ஹெல்மான்ட் என்ற அறிஞர் 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றி வளர்த்தார். கடைசியில் மரம் 169 பவுண்டு இருந்தது. மண்ணில் குறைந்தது ஏறக்குறைய 2 அவுன்ஸ்தான். அவர் இறந்த பிறகு 1648-இல் வெளிவந்த நூலில் இந்தச் சோதனை இருக்கிறது. மண் இல்லை என்று அழகாக நிறுவியவர், அப்படியானால் தண்ணீர்தான் மரமாயிற்று என்று முடிவு கட்டினார். காற்று அவருக்கும் தோன்றவில்லை. காற்று மரமாகும் என்பது அவ்வளவு எளிதில் மனம் ஏற்கிற செய்தி அல்ல.

என்னை வருத்தியது வேறு கணக்கு. நாற்பது பேர், தலைக்கு அரை மணி. மொத்தம் 20 மணி நேரம். பிள்ளைகளின் 20 மணி நேரத்தை வாங்கி, புத்தகத்தில் ஏற்கெனவே அச்சாகியிருப்பதை நாற்பது படிகள் எடுக்கச் செலவழித்திருக்கிறேன். அன்றிலிருந்து அறிவியல் வீட்டுப்பாடத்துக்கு என்னென்ன வழிகள் இருக்கின்றன, எது எதற்கு உதவும் என்று ஒவ்வொன்றாக நடத்திப் பார்த்து வருகிறேன். இதே குழப்பத்தில் இருக்கும் ஆசிரியர்களுக்காகவும், வீட்டில் பிள்ளைகளோடு உட்காரும் பெற்றோருக்காகவும் அதை எழுதுகிறேன்.

எதை வைத்து ஒப்பிடுவது

எந்த வீட்டுப்பாடம் நல்லது என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. வகுப்பிடம் என்ன இருக்கிறது, வீட்டிடம் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தபோதுதான் எனக்கு வழி தெரிந்தது.

வகுப்பில் ஆசிரியர் இருக்கிறார். தவறு நடந்த நிமிடமே திருத்தலாம். பக்கத்தில் ஒரு தோழியோ தோழனோ இருக்கிறார்கள், "எப்படி வந்துச்சு?" என்று கேட்க. வீட்டில் இந்த இரண்டும் இல்லை. அறிவியலில் உதவக்கூடியவர் யாருமே இல்லாத வீடுகள் எத்தனையோ உண்டு. ஆனால் வகுப்புக்குக் கிடைக்காத இரண்டு பொருள்கள் வீட்டிடம் இருக்கின்றன. ஒன்று இடைவெளி: பாடம் நடந்து சில மணி நேரமோ சில நாள்களோ கழிந்து, பாதி மறந்துபோயிருக்கும் நிலை. மற்றது நீளம்: ஒரே பொருளை ஒரு வாரம், பதினைந்து நாள் என்று விடாமல் பார்க்க முடிவது. 45 நிமிட வகுப்புக்குள் விதை முளைக்காது, நிலா வளராது.

ஆகவே எந்த வேலையைக் கொடுக்க நினைத்தாலும் இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை நடுவில் தடுக்கி நின்றால் என்ன ஆகும்? இந்த வேலைக்கு வீட்டின் இடைவெளியோ நீளமோ உண்மையிலேயே தேவையா? இரண்டாவது கேள்விக்கு 'இல்லை' என்று விடை வந்தால் அந்த வேலையை வகுப்பிலேயே செய்துவிடலாம், அல்லது விட்டுவிடலாம்.

புத்தகத்தைப் பார்த்து எழுதி வருவது

பழக்கத்தில் மிகப் பெரியது இதுதான், பயனில் மிகச் சிறியதும் இதுதான். பாடத்தின் பின்னால் உள்ள வினாக்களுக்கு விடை எழுதுவது, சுருக்கம் எழுதுவது, முக்கியமான வரிகளைக் கோடிடுவது எல்லாம் இந்த வகை. டன்லாஸ்கியும் அவரோடு சேர்ந்த உளவியலாளர்களும் 2013-இல் பத்துப் படிப்பு முறைகளைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிட்டார்கள். கோடிடுவது, திரும்பத் திரும்ப வாசிப்பது, சுருக்கி எழுதுவது ஆகிய மூன்றும் பயன் குறைந்தவை என்ற வரிசையில் வந்தன. தன்னைத் தானே சோதித்துக்கொள்வதும், நாள்விட்டு நாள்விட்டுப் படிப்பதும் பயன் மிகுந்தவை என்ற இடத்தைப் பிடித்தன.

பார்த்து எழுதுவதில் பிள்ளை தடுக்கியே நிற்பதில்லை. அதுதான் அதன் கவர்ச்சி, குறையும் அதுவே. கண் வழியாக வந்தது கை வழியாகப் போய்விடுகிறது. ஒரே விதிவிலக்காகப் படத்தைச் சொல்வேன். இதயத்தின் குறுக்குவெட்டுத் தோற்றத்தையோ தாவர செல்லையோ ஒருமுறை பார்த்து வரைந்துவிட்டு, புத்தகத்தை மூடி மறுமுறை வரைந்து, விட்டுப்போன பாகங்களை வேறு நிறத்தில் சேர்த்தால் அந்த நேரம் வீண் போகாது. அங்கும் வேலை செய்வது இரண்டாவது படம்தான்.

கணக்குகள்: பத்தும் ஒரே மாதிரியா, கலந்தா?

இயற்பியலிலும் வேதியியலிலும் வீட்டுப்பாடம் என்றால் பெரும்பாலும் கணக்கு. ஓமின் விதி நடத்திய அன்று ஓமின் விதியில் பத்துக் கணக்குகள் கொடுப்பது வழக்கம். முதல் இரண்டு கணக்குக்குப் பிறகு பிள்ளை கேள்வியையே படிப்பதில்லை. இரண்டு எண்களைத் தேடி எடுக்கிறது, வகுக்கிறது, அடுத்ததுக்குப் போகிறது. பத்தும் சரி. மூன்று வாரம் கழித்துத் தேர்வில் அதே கணக்கு வேறு கணக்குகளுக்கு நடுவே வரும்போது, எந்த வாய்பாட்டை எடுப்பது என்று தெரியாமல் நிற்கிறது. அந்த ஒன்றைத்தான் நாம் பழக்கவே இல்லையே.

ரோரர், டெய்லர் என்ற இருவர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் எனக்குப் பெரிய உதவி. கல்லூரி மாணவர்களுக்கு நான்கு வகைத் திண்ம உருவங்களின் கனஅளவைக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு குழு வகை வகையாகப் பிரித்துப் பயிற்சி செய்தது. மற்றது நான்கையும் கலந்து செய்தது. பயிற்சியின்போது பிரித்துச் செய்தவர்கள் 89 சதவீதம் சரி, கலந்து செய்தவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தபோது கலந்து செய்தவர்கள் 63 சதவீதம், பிரித்துச் செய்தவர்கள் 20 சதவீதம். நோட்டைத் திருத்துகிற ஆசிரியருக்கும் அதைப் பார்க்கிற பெற்றோருக்கும் முதல் குழுதான் நன்றாகப் படிப்பதாகத் தெரியும். இதைப் படித்த பிறகு, வீட்டுப்பாட நோட்டில் எல்லாம் சரியாக இருந்தால் எனக்கு நிம்மதி வருவதில்லை. வேலை போதிய அளவு கடினமாக இல்லையோ என்றுதான் பார்க்கிறேன்.

இப்போது ஆறு கணக்குகள்தான் கொடுக்கிறேன். இரண்டு அன்றைய பாடத்திலிருந்து, மூன்று பழையவை, ஒன்று கணக்கே போடாமல் விடை சொல்ல வேண்டியது. எடுத்துக்காட்டுக்கு ஒன்று: 4 ஓம், 2 ஓம் மின்தடைகள் 12 வோல்ட் மின்கல அடுக்கோடு தொடர் இணைப்பில் இருக்கின்றன. அதே இரண்டையும் பக்க இணைப்பில் மாற்றினால் மின்கல அடுக்கிலிருந்து வரும் மின்னோட்டம் கூடுமா, குறையுமா? முதலில் ஊகித்து எழுத வேண்டும், பிறகுதான் கணக்கு. தொடரில் 2 ஆம்பியர், பக்கத்தில் 9 ஆம்பியர். "மின்தடையைக் குறைக்கவே இல்லையே, எப்படி இவ்வளவு கூடியது?" என்று மறுநாள் யாராவது கேட்டால் அந்தப் பாடம் தானாக நடக்கும்.

ஆனால் கலப்பதற்கும் ஒரு காலம் உண்டு. முழுக்கப் புதிய வகைக் கணக்கை, அன்றே, துணையில்லாமல் வீட்டுக்குக் கொடுப்பது தவறு. தடுக்கி நின்றால் தூக்கிவிட ஆளில்லை. புதிதாகக் கற்பவர்களுக்குத் தாமே மோதிப் பார்ப்பதைவிட, தீர்த்துக் காட்டிய கணக்கைப் படிப்பது குறைந்த நேரத்தில் கூடுதலாகக் கற்றுத் தருகிறது என்பதை ஸ்வெல்லரும் கூப்பரும் 1985-இல் இயற்கணிதத்தில் காட்டினார்கள். அதோடு மிச்செலின் சியின் குழு 1989-இல் கண்டதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தீர்த்த இயற்பியல் கணக்குகளைப் படிக்கும்போது நன்றாகக் கற்ற மாணவர்கள் ஒவ்வொரு படியிலும் நின்று "இது ஏன்?" என்று தமக்குத் தாமே சொல்லிப் பார்த்தார்கள். மற்றவர்கள் வரிகளைக் கடந்து போனார்கள். ஆகவே புதிய வகை என்றால் முதல் நாள் நான் கொடுப்பது தீர்த்த கணக்கு ஒன்றுதான். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இடம் விட்டிருப்பேன். அந்த வரி ஏன் வந்தது என்று தன் சொல்லில் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். "உராய்வு இல்லைன்னு சொன்னதால இந்த விசையை விட்டுட்டாங்க" என்று ஒரு பையன் எழுதியிருந்தான். பத்து விடைகளைவிட அந்த ஒரு வரி அவனைப் பற்றி எனக்கு அதிகம் சொன்னது.

புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதுவது

வாரத்தில் ஒரே ஒரு வழிக்குத்தான் இடம் என்று சொன்னால் இதைத்தான் எடுப்பேன். வீட்டின் இடைவெளியை முழுதாகப் பயன்படுத்துவது இது. மறந்துகொண்டிருக்கும் நேரத்தில் நினைவைத் தோண்டி எடுக்கச் செய்கிறது.

ரோடிகரும் கார்பிக்கும் 2006-இல் வெளியிட்ட ஆய்வின் எண்களை ஒவ்வொரு ஆண்டும் முதல் வாரத்திலேயே என் மாணவர்களுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறேன். ஒரு குழு ஒரு பத்தியை இருமுறை படித்தது. மற்றது ஒருமுறை படித்துவிட்டு நினைவில் இருந்ததை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இருமுறை படித்தவர்களே மேல்: 81 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது. படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. தேர்வுக்கு முந்தைய இரவு மட்டும் படிக்கும் பிள்ளைக்கு ஏன் தன் முறை சரி என்றே படுகிறது என்பதும் இதில் இருக்கிறது. படித்து முடித்த கையோடு சோதித்துப் பார்த்தால் அது சரியாகத்தான் தெரியும்.

அறிவியல் பாடத்துக்கு இது வெறும் மனப்பாடம் ஆகிவிடாதா என்று ஒரு சக ஆசிரியர் கேட்டார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. கார்பிக்கும் பிளன்ட்டும் 2011-இல் அதைத்தான் சோதித்தார்கள். அறிவியல் பத்தியைப் படித்த மாணவர்களில் ஒரு பகுதியினர் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே கருத்து வரைபடம், அதாவது கருத்துகளைக் கோடுகளால் இணைத்துக் காட்டும் படம், வரைந்தார்கள். இன்னொரு பகுதியினர் மூடி வைத்து நினைவிலிருந்து எழுதினார்கள், மறுபடி படித்தார்கள், மறுபடி எழுதினார்கள். ஒரு வாரம் கழித்து, வரிகளில் நேராக இல்லாத, ஊகித்துச் சொல்ல வேண்டிய கேள்விகளிலும் நினைவிலிருந்து எழுதியவர்களே முந்தினார்கள். இறுதிச் சோதனையாகக் கருத்து வரைபடமே வரையச் சொன்னபோதும் அவர்களே முந்தினார்கள். எந்த முறை உங்களுக்கு அதிகம் உதவும் என்று முன்னதாகக் கேட்டிருந்தபோது மாணவர்கள் சொன்னது நேர் எதிராக இருந்தது.

நான் நடத்தும் விதம் இது. ஐந்தே கேள்விகள். இரண்டு அன்றைய பாடத்திலிருந்து, இரண்டு போன வாரத்திலிருந்து, ஒன்று போன மாதத்திலிருந்து. பதினைந்து நிமிடம் புத்தகம் மூடியே இருக்க வேண்டும். தெரியாததற்குக் கோடு போட்டு இடம் விடலாம். பிறகு புத்தகத்தைத் திறந்து, வேறு நிறப் பேனாவால் தாமே திருத்த வேண்டும். இந்த வேலைக்கு மதிப்பெண் கிடையாது. மதிப்பெண் வைத்த அன்றே புத்தகம் திறந்துவிடும். வேறு நிறம் நிறைய இருக்கும் நோட்டை முதலில் எடுத்துப் பாராட்டுகிறேன். தொடக்கத்தில் பிள்ளைகள் நம்பவில்லை. இரண்டாவது மாதத்தில் ஒரு பெண் நோட்டை நீட்டி, "டீச்சர், இன்னைக்கு எனக்குப் பாதிக்கு மேல பச்சைதான்" என்றாள், வெட்கமே இல்லாமல். அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சி பெரியது.

கேள்விகளின் தரம்தான் இதில் உயிர். "ஒளிச்சேர்க்கை என்றால் என்ன?" என்பது நினைவை மட்டும் கேட்கிறது. "இருட்டறையில் வைத்த செடிக்கும் வெயிலில் வைத்த செடிக்கும் இரவில் சுவாசம் நடக்குமா? பகலில்?" என்பது நினைவை எடுத்து அதை வைத்து ஒரு முடிவும் சொல்லச் சொல்கிறது. குறைந்தது இரண்டு கேள்வியாவது இந்த இரண்டாவது வகையாக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். அவற்றை உருவாக்க எனக்கு நேரம் எடுக்கிறது, மறைக்காமல் சொல்கிறேன். பார்த்து எழுதும் வீட்டுப்பாடம் ஆசிரியருக்கு மலிவு, அதனால்தான் அது இவ்வளவு காலம் நீடிக்கிறது.

கைபேசியில் விடை கிடைக்கும் காலத்தில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பார்கள். கிளாஸ், காங் என்ற இருவர் ஒரு பல்கலைக்கழகத்தில் 11 ஆண்டுகள் வீட்டுப்பாட மதிப்பெண்ணையும் தேர்வு மதிப்பெண்ணையும் ஒப்பிட்டு 2020-இல் வெளியிட்டார்கள். வீட்டுப்பாடத்தைவிடத் தேர்வில் குறைவாக எடுத்தவர்கள் 2008-இல் 14 சதவீதமாக இருந்தார்கள். 2017-இல் அது 55 சதவீதம். விடையைத் தேடி எடுத்து எழுதியவர்களுக்கு அந்த வீட்டுப்பாடம் தேர்வில் கைகொடுக்கவில்லை, தாமே யோசித்து எழுதியவர்களுக்குக் கொடுத்தது. உரையாடும் செயலிகள் வந்த பிறகு விடை தேடுவது இன்னும் எளிதாகிவிட்டது. தடை போட்டுக் காவல் காக்க என்னால் முடியாது. எண்களைக் காட்டுகிறேன், மதிப்பெண்ணை எடுத்துவிடுகிறேன், திருட வேண்டிய காரணம் பெருமளவு போய்விடுகிறது. முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன்.

பாடத்தை முன்கூட்டியே பார்த்து வருவது

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பெர்க்மன், சாம்ஸ் என்ற இரு வேதியியல் ஆசிரியர்கள் 2007 வாக்கில் தங்கள் பாடங்களை வீடியோவாகப் பதிவுசெய்யத் தொடங்கினார்கள். வகுப்புக்கு வர முடியாதவர்களுக்காகத்தான் முதலில் செய்தார்கள். பிறகு எல்லாரும் வீட்டில் பாடத்தைப் பார்த்துவிட்டு, வகுப்பில் கணக்கும் சோதனையும் செய்யும் முறையாக அது மாறியது. அதற்கும் முன்பே, 1991 முதல், ஹார்வர்டில் எரிக் மசூர் தன் இயற்பியல் மாணவர்களை முன்கூட்டியே படித்து வரச்செய்து, வகுப்பு நேரத்தைக் கேள்விக்கும் பக்கத்தில் இருப்பவரோடு வாதிடுவதற்கும் ஒதுக்கினார்.

என் முதல் கேள்வியை இங்கே வைத்துப் பார்த்தால் இந்த முறையில் நியாயம் இருக்கிறது. தடுக்கி நிற்கக்கூடிய வேலை ஆசிரியர் இருக்கும் இடத்துக்கு வருகிறது. மோல் கணக்கைப் பிள்ளை என் கண்ணெதிரே போடுகிறது, எந்தப் படியில் சறுக்குகிறது என்று தெரிகிறது. மேல்வகுப்புகளில் இதை மனமாரப் பரிந்துரைப்பேன். நடுநிலை வகுப்புகளில் அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். பத்து நிமிட வீடியோவைப் பார்த்துவிட்டு "புரிஞ்சது" என்று வரும் பிள்ளைக்கு என்ன புரிந்தது என்று கேட்டால் ஒன்றும் நிற்காது. தொலைக்காட்சி பார்ப்பதுபோல் பார்த்திருக்கும். இதற்கு மருந்து, பார்க்கும் முன்னே ஒரு கேள்வியைக் கொடுத்துவிடுவது: "மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறது. அந்தக் கணத்தில் அதன் முடுக்கம் எவ்வளவு?" விடையை ஊகித்து எழுதிவிட்டுப் பார்த்தால் கண் அந்த இடத்தைத் தேடும்.

இன்னொன்றும் உண்டு. அமைதியான மூலையும் இணைய இணைப்பும் எல்லா வீட்டிலும் இல்லை. ஒரு கைபேசியை மூன்று பேர் பங்கிடும் வீட்டில் கடைசியாக முறை வரும் பிள்ளை தூக்கக் கலக்கத்தில் பார்க்கும். அப்படி இரண்டு பிள்ளைகள் இருந்தாலும் நான் வீடியோவை விட்டுவிட்டு ஒரு பக்க வாசிப்பைத் தருகிறேன்.

கவனித்து அளந்து வருவது

வீட்டின் நீளத்தைப் பயன்படுத்தும் ஒரே வழி இது. எனக்கு மிகப் பிடித்ததும் இதுதான், அதனால் என் மதிப்பீட்டில் கொஞ்சம் சாய்வு இருக்கலாம்.

தனி ஊசலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நூல், ஒரு சிறு கனமான பொருள், ஒரு கடிகாரம். 25 சென்டிமீட்டர் நீளத்தில் இருபது அலைவுகளுக்கு எவ்வளவு நேரம்? ஒரு மீட்டரில்? முதலில் ஊகம் எழுத வேண்டும். நீளம் நான்கு மடங்கானால் நேரமும் நான்கு மடங்காகும் என்றுதான் பெரும்பாலோர் எழுதுவார்கள். அளந்தால் 20 விநாடியும் 40 விநாடியும் வரும், இரண்டே மடங்கு. சில பிள்ளைகளுக்கு 19 விநாடி வரும். ஏன் என்று தேடினால், கையை விடும்போதே 'ஒன்று' என்று எண்ணியிருப்பார்கள். உண்மையில் எண்ணியது பத்தொன்பது அலைவு. அளவீட்டுப் பிழை என்றால் என்ன என்பதை நான் எத்தனை நாள் நடத்தினாலும் அந்த ஒரு விநாடி சொல்லிக்கொடுப்பதுபோல் வராது. எந்த இணையதளத்திலும் அந்தப் பிள்ளையின் 19 விநாடிக்கு விளக்கம் இருக்காது. விடையை இரவல் வாங்க முடியாத வீட்டுப்பாடம் என்றால் சொந்தமாக அளந்த எண் இருக்கும் வீட்டுப்பாடம்தான்.

நிலா இன்னும் நீளமான வேலை. அமாவாசை கழிந்த மூன்றாம் நாளிலிருந்து பத்து நாள், மாலையில் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நின்று, நிலா எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் ஒளிர்கிறது என்று வரைய வேண்டும். கையை நீட்டிப் பிடித்தால் மூடிய முட்டியின் அகலம் வானத்தில் ஏறக்குறைய 10 டிகிரி. நிலா நாளுக்கு ஒரு முட்டிக்குச் சற்று அதிகமாகக் கிழக்கே நகர்ந்திருக்கும். ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிப்பதன் காரணம் அந்த நகர்விலேயே இருக்கிறது. மேகம் மூடிய நாளில் 'மேகம்' என்று எழுதினால் போதும், இட்டுக்கட்டி வரையக் கூடாது என்பது மட்டும்தான் கண்டிப்பு. பூமியின் நிழல் விழுவதால்தான் பிறை உண்டாகிறது என்று நம்பும் பிள்ளைகள் நிறைய. சூரியன் மறைந்த திசையைப் பார்த்தபடி பிறையின் ஒளிர்ந்த பக்கம் இருப்பதைப் பத்து நாள் வரைந்த பிறகு அந்த நம்பிக்கை தானே ஆட்டம் காணும்.

சிறியதும் உண்டு. ஒரே அறையில் வெகுநேரம் இருந்த உலோகத் தட்டையும் மரப்பலகையையும் தொட்டுப் பார்த்து எது குளிர்ச்சி என்று எழுதுவது, பிறகு இரண்டின் மேலும் ஒரே அளவு பனிக்கட்டியை வைத்து எது முதலில் உருகும் என்று ஊகிப்பது. குளிர்ச்சியாகத் தோன்றிய உலோகத்தில்தான் வேகமாக உருகும். இரண்டின் வெப்பநிலையும் ஒன்றுதான், வெப்பத்தைக் கடத்தும் வேகம்தான் வேறு.

இந்த வழியின் குறைகளும் தெளிவானவை. நேரம் பிடிக்கும், தேர்வுத்தாளில் நேரடியாக வராது, சிலர் ஒரே இரவில் பத்து நாள் நிலாவையும் வரைந்து வருவார்கள். தீ, அமிலம், வீட்டு மின்சாரம் எதையும் இதில் சேர்க்கக் கூடாது. சூரியனை நேராகப் பார்க்கும் வேலை கூடவே கூடாது. மாதத்துக்கு ஒன்று என்று வைத்தால் சுமையாகாது.

வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம்

வீட்டுப்பாடத்தை வகுப்பிலேயே தொடங்க விடலாமா என்பது அறிவியல் ஆசிரியர்களிடையே அடிக்கடி வரும் பேச்சு. பாட நேரம் வீணாகிறது என்பார்கள் சிலர். என்ன வேலை என்பதைப் பொறுத்தது அது. நினைவிலிருந்து எழுதும் வேலையை வகுப்பிலேயே தொடங்கினால் இடைவெளி கெட்டுவிடுகிறது, பாடம் இன்னும் காதில் ஒலித்துக்கொண்டிருக்கும். அதை வீட்டுக்குத்தான் அனுப்ப வேண்டும். புதிய கணக்கு என்றால் நேர்மாறு. முதல் இரண்டு கணக்கை என் முன்னே போட்டுப் பார்த்துவிட்டுப் போவது, வீட்டில் ஒரு மணி நேரம் தவறான வழியில் உழல்வதை மிச்சப்படுத்துகிறது. அந்தப் பத்து நிமிடம் நான் மேசையில் உட்காருவதில்லை. வரிசை வரிசையாக நடந்து நோட்டுகளை எட்டிப் பார்க்கிறேன். மூன்று பேர் ஒரே இடத்தில் தடுக்கினால் எல்லாரையும் நிறுத்தி அந்தப் படியை மறுபடி நடத்துகிறேன். அதையும் செய்யாமல் 'மீதியை எழுதுங்கள்' என்று விட்டுவிடும் பத்து நிமிடம் வீண்தான், அதில் அந்த ஆசிரியர்களோடு எனக்கு மாறுபாடில்லை.

எவ்வளவு நேரம், யாருக்கு எது

ஹாரிஸ் கூப்பரின் குழு (முன்னே சொன்ன கூப்பர் வேறு) பல ஆய்வுகளின் முடிவுகளைத் திரட்டி 2006-இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு ஏழாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை வலுவாகவும், அதற்குக் கீழே மெலிந்தும் இருந்தது. வகுப்பு எண்ணைப் பத்தால் பெருக்கினால் வரும் நிமிடங்கள்தான் ஒரு நாளின் மொத்த வீட்டுப்பாடம் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. ஒன்பதாம் வகுப்புக்கு 90 நிமிடம், எல்லாப் பாடங்களும் சேர்த்து. அறிவியலுக்கு அதில் 20 அல்லது 25 நிமிடத்துக்கு மேல் உரிமை இல்லை என்று நான் நினைக்கிறேன்.

ஆறாம், ஏழாம் வகுப்பு என்றால் பெரும்பகுதியைக் கவனித்து அளப்பதற்கே கொடுத்துவிடுவேன், கூடவே வாரம் இருமுறை மூன்றே மூன்று மூடிய புத்தகக் கேள்விகள். எட்டிலிருந்து பத்து வரை வாரம் மூன்று நாள் நினைவிலிருந்து எழுதுவது, ஒரு நாள் கலந்த கணக்கு, மாதம் ஒரு அளவீடு. அதற்கு மேலே முன்கூட்டிப் படிப்பதும், தீர்த்த கணக்கை விளக்குவதும் பெரிய இடத்தைப் பிடிக்க வேண்டும். பார்த்து எழுதுவதற்கு எந்த வகுப்பிலும் நான் இடம் வைக்கவில்லை. பொதுத்தேர்வு நெருங்கும் மாதத்தில் அளவீட்டை நிறுத்துவதா தொடர்வதா என்பதில் மட்டும் ஒவ்வொரு ஆண்டும் எனக்குள் தகராறு நடக்கிறது. போன ஆண்டு நிறுத்தினேன், பிள்ளைகள் முகம் வாடியது. இந்த ஆண்டு தொடர நினைக்கிறேன்.

எந்த வழியை எடுத்தாலும் மறுநாள் வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தை அதற்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதிகம் பேர் தவறிய ஒரு கேள்வியை எடுத்துப் பேசாவிட்டால், வீட்டில் செய்தது கிணற்றில் போட்ட கல்தான் என்று பிள்ளைகள் ஒரே வாரத்தில் கண்டுகொள்வார்கள்.

ஒளிச்சேர்க்கை பாடத்தை இந்த ஆண்டு வேறு விதமாகத் தொடங்கினேன். பாடம் தொடங்கும் முன்பே, மரத்தின் எடை எங்கிருந்து வருகிறது என்று ஊகித்து எழுதி வரச் சொன்னேன். பாடம் முடிந்து இரண்டு வாரம் கழித்து, புத்தகத்தை மூடி அதே கேள்வி. ஒரு பெண் இப்படி எழுதியிருந்தாள்: "காற்றிலிருந்து. ஆனா நம்ப முடியல. காற்றுக்கு அவ்வளவு எடை இருக்கா?" அடுத்த வீட்டுப்பாடத்தை அவளே கொடுத்துவிட்டாள். ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 1.2 கிலோ. உங்கள் வீட்டில் ஓர் அறையின் நீளம், அகலம், உயரம் அளந்து உள்ளே இருக்கும் காற்றின் எடையைக் கண்டுபிடித்து வாருங்கள் என்றேன். மறுநாள் நோட்டைத் திறந்தபோது அவள் பக்கத்தில் இருந்தது: 4 மீட்டர், 3 மீட்டர், 3 மீட்டர், 36 கன மீட்டர், 43 கிலோ. கீழே சின்ன எழுத்தில், "நானே 41 கிலோதான், டீச்சர்."